பத்மநாபபுரம் அரண்மனை: உள்ளே பார்க்க என்ன இருக்கிறது, எவ்வளவு நேரம் ஒதுக்கலாம்?

பயணப்பை:

எல்லோருக்கும் வணக்கம். அடுத்த மாதம் அப்பா அம்மாவை அழைத்துக்கொண்டு கன்னியாகுமரி, நாகர்கோவில் பக்கம் வருகிறோம். அங்கிருந்து திருவனந்தபுரம் போகும் வழியில் பத்மநாபபுரம் அரண்மனையையும் பார்த்துவிடலாம் என்று இருக்கிறேன். எனக்குப் பழைய வீட்டுச் சாமான்கள் என்றால் உயிர். கட்டில், நாற்காலி, தூக்கு விளக்கு, பெட்டி, பரணி எதைக் கண்டாலும் நின்றுவிடுவேன், என்ன மரம், எப்படிப் பொருத்தியிருக்கிறார்கள், யார் அதில் உட்கார்ந்தார்கள் என்று தெரிந்துகொள்ளாமல் நகர மனசு வராது. மைசூரு அரண்மனை பார்த்திருக்கிறேன், அங்கே தூணும் கண்ணாடிக் கூரையும் பார்த்துக் கண் கூசிப் போய்விட்டது.

இப்போது குழப்பம் என்னவென்றால், பத்மநாபபுரம் போய்வந்த உறவினர் ஒருவர் "உள்ளே ஒன்றும் கிடையாது, வெறும் இருட்டு அறைகள், ஒரு மணி நேரத்தில் வெளியே வந்துவிடலாம்" என்கிறார். அலுவலகத்தில் உடன் வேலை பார்ப்பவரோ அரை நாள் வேண்டும் என்று அடித்துச் சொல்கிறார். இரண்டு பேரும் ஒரே இடத்தைத்தான் பார்த்தார்களா என்று சந்தேகமே வந்துவிட்டது. போய்வந்தவர்கள், முக்கியமாக அந்தப் பக்கத்து ஆட்கள் சொல்லுங்கள். 64 வகை மூலிகை மரத்தில் செய்த கட்டில் இருப்பதாகப் படித்தேன், அது உண்மையா? அம்மாவுக்கு முழங்கால் வலி உண்டு, படி ஏற வேண்டியிருக்குமா?

தக்கலைக்காரன்:

வாங்க, வாங்க. எங்கள் ஊர்க் கொட்டாரத்தை (அரண்மனையைத்தான் இங்கே அப்படிச் சொல்வோம்) பற்றிக் கேட்டுவிட்டு யாரும் பதில் இல்லாமல் போகக்கூடாது.

முதலில் நடைமுறை விஷயம். திங்கட்கிழமை விடுமுறை. மற்ற நாட்களில் காலை 9 மணிக்குத் திறப்பார்கள், மதியம் 1 முதல் 2 வரை இடைவேளை, மாலை 4.30க்கு முடிந்துவிடும். 12 மணிக்கு வந்து சேர்ந்தால் ஓட்டமும் நடையுமாகத்தான் பார்க்க வேண்டியிருக்கும், அதனால் காலையிலேயே வந்துவிடுங்கள். நாகர்கோவிலில் இருந்து திருவனந்தபுரம் போகும் பஸ் பெரும்பாலும் தக்கலை வழியாகத்தான் போகும், தக்கலையில் இறங்கி ஆட்டோ பிடித்தால் கொஞ்ச நேரத்தில் அரண்மனை இருக்கும் கோட்டைக்குள் வந்துவிடலாம். ரயிலில் வருவதாக இருந்தால் இரணியல் ஸ்டேஷன் பக்கம். இடம் தமிழ்நாட்டில் இருந்தாலும் அரண்மனையைப் பராமரிப்பது கேரளத் தொல்லியல் துறை. 1956இல் கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்தபோது கொட்டாரம் மட்டும் அவர்கள் பொறுப்பிலேயே இருந்துவிட்டது. உள்ளே மலையாளப் பலகைகளைப் பார்த்துக் குழம்ப வேண்டாம்.

உங்கள் உறவினர் சொன்னதில் பாதி உண்மை. மைசூருவை மனதில் வைத்துக்கொண்டு வந்தால் ஏமாற்றமாகத்தான் இருக்கும். தங்க முலாம், வெல்வெட் திரை, சோபா வரிசை எதுவும் கிடையாது. காரணம் இருக்கிறது. இது 1600ஐ ஒட்டிய காலத்தில் இரவிவர்ம குலசேகரப் பெருமாள் தொடங்கியது, கல்குளம் என்பதுதான் அன்றைய பெயர். அப்புறம் மார்த்தாண்டவர்மா (1729 முதல் 1758 வரை ஆண்டவர்) பெரிய அளவில் எடுத்துக் கட்டினார். 1750இல் நாட்டையே பத்மநாபசுவாமிக்கு எழுதி வைத்துவிட்டு, பத்மநாபனின் தாசன் என்ற பெயரில் ஆட்சி செய்தவர் அவர். அந்தக் காலத்துத் திருவிதாங்கூர் அரசர்கள் தரையில் உட்கார்ந்து, இலையில் சாப்பிட்டு, பாயும் கட்டிலுமாக வாழ்ந்தவர்கள். அறை நிறைய நாற்காலி போடும் பழக்கமே அவர்களுக்கு இல்லை. போதாக்குறைக்கு 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் தலைநகரம் திருவனந்தபுரத்துக்கு மாறி அரச குடும்பமும் அங்கே போய்விட்டது.

அப்படியானால் பார்க்க என்ன இருக்கிறது? வாசலில் நுழைந்ததும் வருகிற பூமுகம் ஒன்றே போதும். அங்கே மேலே பாருங்கள். மச்சு முழுக்க மரத்தில் செதுக்கிய பூக்கள், 90 பூக்கள், ஒன்றைப் போல இன்னொன்று இருக்காது. நிறைய பேர் கீழே இருக்கும் சீன நாற்காலியையும் கருங்கல் கட்டிலையும் போட்டோ எடுத்துவிட்டு மேலே பார்க்காமலே போய்விடுகிறார்கள், எனக்கு ஒவ்வொரு முறையும் வயிறு எரியும். அந்தக் கல் கட்டிலும் சாதாரணமானது இல்லை, கையை வைத்தால் வெயில் காலத்திலும் சில்லென்று இருக்கும். நடுவில் தொங்குகிற பித்தளைக் குதிரை விளக்கு, சுவரில் மாட்டியிருக்கும் ஓணவில்லுகள் (ஓணத்துக்கு அரசருக்குக் காணிக்கையாக வந்த வில்கள்) எல்லாம் அங்கேயேதான்.

அங்கிருந்து மாடிக்கு ஏறினால் மந்திரசாலை, அரசர் அமைச்சர்களோடு கூடி ஆலோசித்த இடம். அதன் ஜன்னல்களில் கண்ணாடிக்குப் பதில் நிற நிறமாக அப்பிரகத் (மைக்கா) தகடுகள். வெயிலின் சூடு உள்ளே வராது, வெளிச்சம் மட்டும் மங்கலாக வரும். வெளியே உச்சிவெயில் கொளுத்தும்போது அந்த அறையில் ஐந்து நிமிடம் சும்மா நின்று பாருங்கள்.

என் கணக்குக்குக் குறைந்தது மூன்று மணி நேரம்.

ஊர்சுற்றி:

நான் கொஞ்சம் மாற்றிச் சொல்கிறேன், தக்கலைக்காரன் கோபித்துக்கொள்ள வேண்டாம். குழந்தைகளோடு விடுமுறை நாளில் போனோம். கூட்டம் தள்ளிக்கொண்டே போனது, ஒரே வழிப் பாதை, குறுகலான படி, தலை இடிக்கும் வாசல்கள், பின்னால் வருபவர்கள் நெருக்கிக்கொண்டு நிற்பார்கள். பிள்ளைகள் ஊட்டுப்புரை வருவதற்குள் சோர்ந்துவிட்டார்கள். நாற்காலி, கட்டில், சிம்மாசனம் என்று பொருட்களாகப் பார்க்கத்தான் ஆசை என்றால் திருவனந்தபுரத்தில் பத்மநாபசுவாமி கோவிலுக்குப் பக்கத்தில் இருக்கும் குதிரமாளிகையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சுவாதித் திருநாள் கட்டியது, கூரைக்கு அடியில் மரத்தில் செதுக்கிய 122 குதிரைகள் வரிசையாக நிற்கும். தந்தச் சிம்மாசனம், படிகச் சிம்மாசனம் இரண்டும் அங்கே இருக்கின்றன. இரண்டையும் பார்த்தால் உங்கள் ஆசை தீரும். பத்மநாபபுரத்துக்கு வேலை நாளில் போங்கள், அதுதான் என் ஒரே ஆலோசனை.

ஈட்டிமரம்:

மரவேலைக் குடும்பத்தில் பிறந்தவன் என்ற உரிமையில் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் கட்டில். உப்பரிகை மாளிகை என்று நான்கு நிலைக் கட்டடம் உண்டு, 1750ஐ ஒட்டி மார்த்தாண்டவர்மா கட்டியது. கீழ்நிலை கருவூலம், அதற்கு மேலே அரசர் படுக்கும் அறை. கட்டில் அங்கேதான் இருக்கிறது. 64 வகை மூலிகை மரம் என்றும் டச்சுக்காரர்கள் கொடுத்தது என்றும் சொல்வார்கள். சிலர் 67 என்பார்கள். ஆய கலைகளும் 64 என்று சொல்லிப் பழகியவர்கள் நாம், நம்மிடம் 64 என்பது "எல்லாமே இதில் அடக்கம்" என்பதைச் சொல்கிற எண், அதனால் நான் அந்த எண்ணிக்கையைப் பிடித்துக்கொள்ள மாட்டேன். நீங்களும் எண்ணிக்கொண்டு நிற்காதீர்கள். அதற்குப் பதிலாக மரங்களின் நிறம் எங்கே மாறுகிறது, ஒரு துண்டின் ரேகை எங்கே முடிந்து இன்னொன்றின் ரேகை எங்கே தொடங்குகிறது என்று பாருங்கள். வெவ்வேறு மரம் வெவ்வேறு விதமாகச் சுருங்கும், உப்பும். மழைக்காலம் நீளுகிற நம் பகுதியில் இத்தனை மரங்களை ஒன்றாக இணைத்து, 200 வருஷத்துக்கு மேல் பிளக்காமல் நிற்க வைத்திருக்கிறார்கள் என்றால் மரத்தை எவ்வளவு காலம் ஆறப்போட்டிருப்பார்கள் என்று யோசியுங்கள். எனக்கு அந்தக் கட்டிலில் பெரிய விஷயம் அதுதான். மூலிகை மணத்தால் நோய் வராது என்பதெல்லாம் அவரவர் நம்பிக்கை.

இரண்டாவது, தாய்க் கொட்டாரம். வளாகத்திலேயே பழைய பகுதி அதுதான். நாலுகட்டு முறை, நடுவில் முற்றம், மழை பெய்தால் நாலு பக்க ஓட்டிலிருந்தும் தண்ணீர் முற்றத்தில் விழும். அங்கே ஏகாந்த மண்டபம் என்று ஓர் இடத்தில் ஒரே பலா மரத்தில் குடைந்தெடுத்த தூண் ஒன்று இருக்கிறது. பலாமரம் தச்சனுக்குப் பிடித்த மரம், பால் வற்றிய பிறகு தேன் நிறத்துக்கு வரும், வருஷம் ஆக ஆகக் கறுத்துப் பளபளக்கும். அந்தத் தூணில் பூவேலையை எவ்வளவு ஆழமாக வெட்டியிருக்கிறார்கள் என்றால் சில இடத்தில் பூ தூணோடு ஒட்டியிருக்கிறதா, தனியே நிற்கிறதா என்றே சந்தேகம் வரும். ஓர் இடத்தில் உளி சறுக்கினால் தூண் மொத்தமும் போயிற்று, ஒட்டுப்போட வழி கிடையாது. நான் அங்கே போனால் வேறெதையும் பார்க்காமல் அதன் அடியிலேயே உட்கார்ந்துவிடுவேன்.

மூன்றாவது, தரை. அறைகலன்கள் இல்லையே என்று கேட்கிறவர்கள் எல்லோரும் அதன் மேல்தான் நின்றுகொண்டு கேட்கிறார்கள்! தக்கலைக்காரன் அண்ணன் சொன்னது போலத் தரையில் உட்கார்ந்த மனிதர்கள், அதனால் இருந்த கவனத்தையெல்லாம் தரையில் போட்டார்கள். சுட்ட சிரட்டைக் கரி, சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு, செடிச் சாறு என்று சேர்த்து அரைத்துப் பூசித் தேய்த்த தரை. கறுப்பாக, முகம் பார்க்கலாம் போலப் பளபளப்பாக இருக்கும். நவராத்திரி மண்டபத்தில் கல் தூண்களின் நிழல் அந்தத் தரையில் தலைகீழாக விழுவதைப் பாருங்கள். இன்று நாம் போடும் சிமெண்ட் தரை பத்து வருஷத்தில் வெடிக்கிறது, இதுவோ பல தலைமுறை நடந்த பிறகும் மின்னுகிறது. வாசலில் செருப்பைக் கழற்றச் சொல்வார்கள், முணுமுணுக்காமல் கழற்றுங்கள். வெறுங்காலில் நடந்தால்தான் அந்த வழவழப்பும் குளிர்ச்சியும் தெரியும், தரைக்கும் அதுதான் நல்லது.

இன்னொன்று. மைசூருவில் நீங்கள் பார்த்தது 1897இல் பழைய மர அரண்மனை தீப்பிடித்து எரிந்த பிறகு புதிதாகக் கட்டி 1912இல் முடித்தது. மர அரண்மனைகளுக்கு நெருப்பும் கரையானும் எமன். அதையெல்லாம் தாண்டி இவ்வளவு பெரிய மரக் கட்டடம் முழுசாக நிற்பதே பெரிய காரியம். 2014இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியக் களங்களின் தற்காலிகப் பட்டியலில் சேர்த்திருக்கிறார்கள், முழுப் பட்டியலுக்கு எப்போது போகும் என்று நானும் காத்திருக்கிறேன்.

பயணப்பை:

அய்யோ, இவ்வளவு எழுதியிருக்கிறீர்களே, எல்லோருக்கும் ரொம்ப நன்றி. ஈட்டிமரம் அண்ணா, அந்தத் தூணைத் தேடிப் பார்க்காமல் வரமாட்டேன். இன்னும் இரண்டே கேள்வி. ஊட்டுப்புரை என்றால் சமையல்கட்டா, அங்கே பாத்திரங்கள் இருக்கின்றனவா? அப்புறம் அம்மாவின் முழங்கால் விஷயத்துக்கு யாரும் பதில் சொல்லவில்லையே.

வேளிமலை:

நான் சொல்கிறேன் தங்கச்சி. என் மாமியாரை அழைத்துக்கொண்டு போன அனுபவத்தில் எழுதுகிறேன்.

படிகள் உண்டு, செங்குத்தாக இருக்கும், பாதி ஏணி மாதிரிதான். மந்திரசாலைக்கு ஏறும் படியே அப்படித்தான், கைப்பிடித்து மெதுவாக ஏற வேண்டும். பாதை ஒரே திசையில் போவதால் நடுவில் திரும்பி வருவது சிரமம். அதனால் நுழையும்போதே அங்கே நிற்கும் ஊழியர்களிடம் அம்மாவுக்குப் படி ஏற முடியாது என்று சொல்லிக் கேளுங்கள், எங்கெங்கே கீழ்வழியாகப் போகலாம் என்று சொல்லுவார்கள். பூமுகம் கீழேயே இருக்கிறது, அம்மா அதை ஆற அமரப் பார்க்கலாம். நவராத்திரி மண்டபத்துக்கும் மாடி ஏற வேண்டாம். வளாகத்திலேயே தனியாக இருக்கும் தெற்குக் கொட்டாரத்தையும் விட்டுவிடாதீர்கள், அங்கே பழைய வீட்டுப் புழங்குபொருட்களைக் காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். என் மாமியார் மந்திரசாலையைவிட அதைத்தான் ரசித்தார். அவர்கள் வீட்டில் சின்ன வயசில் புழங்கிய சாமான்களை அங்கே பார்த்ததும் ஒவ்வொன்றையும் எனக்கு விளக்க ஆரம்பித்துவிட்டார்.

ஊட்டுப்புரை என்பது சாப்பாட்டுக் கூடம். மேலும் கீழுமாக இரண்டு தளம், ஒரே நேரத்தில் 2000 பேர் உட்கார்ந்து சாப்பிடலாம் என்பார்கள். நீளமாக, சன்னமாக, ரயில் பெட்டி மாதிரி போய்க்கொண்டே இருக்கும். காலியாகத்தான் இருக்கிறது, ஆனால் அந்த நீளத்தைப் பார்க்கும்போதே தினமும் எத்தனை இலை விழுந்திருக்கும் என்று மனசு கணக்குப் போடும். ஊறுகாய் போட்டு வைத்த பெரிய பெரிய சீனப் பரணிகள் இருக்கின்றன, உங்களுக்குப் பரணி பிடிக்கும் என்றால் அங்கே கொஞ்சம் நின்று பாருங்கள். மிளகு வாங்க வந்த கப்பல்கள் நம் கரையில் எதையெல்லாம் இறக்கிவிட்டுப் போயின என்பதற்கு அந்தப் பரணியும் பூமுகத்துச் சீன நாற்காலியும்தான் சாட்சி.

நவராத்திரி மண்டபத்தில் ஆடலும் பாடலும் நடக்கும்போது அரண்மனைப் பெண்கள் மரச் சட்டம் போட்ட மறைப்புக்குப் பின்னால் இருந்து பார்த்திருக்கிறார்கள். அந்த மறைப்பும் அப்படியே இருக்கிறது. வெளியே இருப்பவர்களுக்கு உள்ளே தெரியாது, உள்ளே இருப்பவர்களுக்கு எல்லாம் தெரியும். அரண்மனை முழுக்கவே ஜன்னல்களில் இந்தச் சாய்ந்த மரச் சட்டங்களைப் பார்க்கலாம், காற்று மட்டும் தாராளமாக வந்துகொண்டே இருக்கும். மண்டபத்தை ஒட்டிச் சரஸ்வதி கோவில். அந்த விக்கிரகம் கம்பர் பூசித்தது என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை.

முடிந்தால் உங்கள் பயணத்தை நவராத்திரியை ஒட்டி வைத்துப் பாருங்கள். ஒவ்வொரு வருஷமும் சரஸ்வதி அம்மன் இங்கிருந்து திருவனந்தபுரத்துக்குப் புறப்படுவாள், எங்கள் வேளிமலை குமாரசுவாமியும் சுசீந்திரம் முன்னுதித்த நங்கை அம்மனும் கூடவே போவார்கள். புறப்படும் முன் உப்பரிகை மாளிகையில் வைத்து அரசரின் உடைவாளைக் கைமாற்றுவார்கள். வழியில் குழித்துறையிலும் நெய்யாற்றின்கரையிலும் தங்கல். தமிழ்நாடு, கேரளம் இரண்டு மாநிலப் போலீசும் மரியாதை செய்வார்கள். அன்று அரண்மனை அரண்மனையாகவே இருக்கும், காட்சிக்கூடம் என்ற எண்ணமே வராது. ஆனால் கூட்டம் அதிகம், அம்மாவை அழைத்து வருவதாக இருந்தால் யோசித்துக்கொள்ளுங்கள்.

குளச்சல்_கரை:

ஒருவரும் ஓவியத்தைப் பற்றிச் சொல்லவில்லை. 1741இல் குளச்சல் போரில் தோற்ற டச்சுத் தளபதி டிலனாய் மார்த்தாண்டவர்மாவிடம் சரணடையும் காட்சி அங்கே ஓவியமாக இருக்கிறது, பார்க்காமல் வந்துவிடாதீர்கள். தோற்றவரே அப்புறம் திருவிதாங்கூர்ப் படையைப் பழக்கும் தளபதியாக ஆகிவிட்டார். அரண்மனை முடிந்த பிறகு நேரம் இருந்தால் பக்கத்தில் புலியூர்குறிச்சியில் உதயகிரிக் கோட்டை, அங்கே 1777இல் இறந்த அவருடைய கல்லறை இருக்கிறது. கல்லில் லத்தீனிலும் தமிழிலும் எழுத்து வெட்டியிருக்கிறார்கள். கோட்டைக்குள் மரநிழல் நிறைய, அப்பா அம்மா உட்கார்ந்து இளைப்பாறலாம்.

உப்பரிகை மாளிகையின் மேல்நிலையில் சுவரோவியங்கள் உண்டு. அது பத்மநாபசுவாமிக்கான அறை, அங்கே விளக்கு அணையாமல் எரியும், பொதுவாக ஆட்களை விடுவதில்லை. அங்கே போய்க் கேட்டுவிட்டு வருத்தப்பட வேண்டாம் என்பதற்காக முன்கூட்டியே சொல்கிறேன்.

தக்கலைக்காரன்:

குளச்சல் அண்ணன் சொன்ன உதயகிரி நல்ல யோசனை. பயணப்பை, இப்படி வைத்துக்கொள்ளுங்கள்: 9 மணிக்குக் கொட்டாரம், அம்மா களைத்துப் போனால் அவரை முற்றத்தில் உட்காரவைத்துவிட்டு நீங்கள் மாடிகளைப் பார்த்துவிட்டு வாருங்கள், அப்பாவை அம்மாவோடு இருக்கச் சொல்லுங்கள். தெருவைப் பார்த்தபடி யானை அம்பாரி வடிவத்தில் ஒரு மாடி ஜன்னல் முகப்பு இருக்கிறது, அம்பாரி முகப்பு என்பார்கள், அரசர் அங்கிருந்துதான் ஊர்வலங்களைப் பார்த்தார். வெளியே வந்ததும் தெருவில் நின்று அதை அண்ணாந்து பாருங்கள், அதற்குப் படி ஏற வேண்டாம், அம்மாவும் பார்க்கலாம். பத்மநாபபுரம் கோட்டைக்குள்ளேயே கல்குளம் நீலகண்டசுவாமி கோவில் இருக்கிறது, சிவாலய ஓட்டத்தின் (சிவராத்திரிக்குப் பக்தர்கள் ஓடியே போய்க் கும்பிடும் வழக்கம்) 12 கோவில்களில் ஒன்று, மதியம் நடை சாத்துவதற்குள் போனால் அதையும் தரிசித்துவிடலாம். சாப்பாட்டுக்குத் தக்கலைக்கு வந்துவிடுங்கள், மதியத்துக்கு மேல் உதயகிரி. குதிரமாளிகை மறுநாள். ஒரே நாளில் இரண்டு அரண்மனையைத் திணிக்காதீர்கள், இரண்டாவதில் எதுவும் மனசில் நிற்காது.

பயணப்பை:

அப்படியே செய்கிறோம். செவ்வாய்க்கிழமை காலை என்று வைத்திருக்கிறேன், நாகர்கோவிலில் முந்தைய நாள் இரவே தங்கிவிடுவோம். வேளிமலை அக்கா, தெற்குக் கொட்டாரத்தில் அம்மாவை விட்டால் அப்புறம் கூட்டிக்கொண்டு வருவதுதான் கஷ்டம், உங்கள் மாமியார் கதைதான் எங்கள் வீட்டிலும் நடக்கப்போகிறது. போய்வந்து படங்களோடு இங்கேயே எழுதுகிறேன், ஈட்டிமரம் அண்ணாவுக்காகத் தூணை நாலு பக்கமும் எடுத்து வருகிறேன், அனுமதித்தால்.